பாப்பாவின் தொடையிடுக்கில் சிவப்பு: எந்தக் கைவைத்தியம் சரி, எது கூடாது?

கேள்வி: என் மகளுக்கு எட்டு மாதம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பகலில் மாமியார்தான் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு வாரமாக டயப்பர் போடும் இடம் செக்கச்செவேல் என்று இருக்கிறது. தொடையிடுக்கிலும் சிவப்பு, அதைச் சுற்றிக் குட்டிக் குட்டிப் புள்ளிகள். ஒன்றுக்குப் போனாலே வீறிட்டு அழுகிறாள். மாமியார் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவுகிறார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிப் பார்த்தோம். பக்கத்து வீட்டு அக்கா சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவச் சொன்னார். மருந்துக் கடையில் ஒரு டியூப் கொடுத்தார்கள். போட்டதும் குறைந்தது, நிறுத்தியதும் திரும்ப வந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம் காதில் சீழ் வந்து ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தோம், அந்த நாட்களில் தண்ணியாகவும் போனாள். இதற்கு வீட்டு வைத்தியமே போதுமா? எது நல்லது?
- ஒரு தாய், திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியதில் மூன்று விஷயங்களை நான் அடிக்கோடிட்டு வைத்தேன். ஆன்டிபயாடிக், தொடையிடுக்கு, சுற்றிலும் புள்ளிகள். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது பூஞ்சைத் தொற்று. கேண்டிடா என்று அதற்குப் பெயர். பாப்பாவை நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அதுவாக இருந்தால் எண்ணெய், மஞ்சள், வேப்பிலை எதுவும் முழுசாகக் குணப்படுத்தாது. அதற்கான மருந்து தனி. அதனால் நாளை அல்லது மறுநாளுக்குள் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை வீட்டில் செய்யவேண்டியது நிறைய இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

முதலில், நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பகல் வெளிச்சம் விழும் ஜன்னல் பக்கத்தில் பாப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்து, தொடை மடிப்பை இரண்டு விரலால் மெதுவாக விரித்துப் பாருங்கள். சாதாரண டயப்பர் புண் என்றால், டயப்பர் உரசும் மேடான இடங்கள்தான் சிவந்திருக்கும்: புட்டம், அடிவயிறு, பிறப்புறுப்பின் மேல்பக்கம். மடிப்பின் உட்பக்கம் பெரும்பாலும் நல்ல தோலாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே டயப்பர் படுவதில்லை. பூஞ்சை நேர்மாறு. அதற்கு இருட்டும் ஈரமும் பிடிக்கும், அதனால் மடிப்புக்குள்தான் போய் உட்காரும். பச்சை மாமிசம் போன்ற கருஞ்சிவப்பு, அதற்கு ஒரு தெளிவான கரை, கரையைத் தாண்டித் தள்ளித் தள்ளிச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். நீங்கள் எழுதிய "குட்டிக் குட்டிப் புள்ளிகள்" இவையாக இருக்கலாம். அப்படியே வாயையும் திறந்து பாருங்கள். உள்கன்னத்திலும் நாக்கிலும் தயிர் ஒட்டியது போல வெள்ளையாக இருந்து, துடைத்தாலும் போகாவிட்டால் அதுவும் இதே பூஞ்சைதான். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால், உங்கள் காம்பில் எரிச்சலோ வலியோ இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்தப் பாடத்தை எனக்கு ஒரு செவிலியர்தான் கற்றுக்கொடுத்தார். என் மூத்த மகனுக்கு ஏழு மாதத்தில் இதே மாதிரி வந்தது. நான் அப்போது மேற்படிப்பில் இருந்தேன். நானே மருத்துவர் என்ற நம்பிக்கையில் பத்து நாள் ஸிங்க் க்ரீமை மட்டும் பூசிக்கொண்டிருந்தேன். குழந்தை அழுதுகொண்டே இருந்தான். வார்டில் இருந்த மூத்த செவிலியர் அவன் தொடையை விரித்து, "மேலே பாக்காதீங்கம்மா, இடுக்கைப் பாருங்க" என்றார். அன்றைக்குப் பூஞ்சைக்கான மருந்தைத் தொடங்கினோம். மூன்றாம் நாள் ராத்திரி அவன் தூங்கினான். அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஆன்டிபயாடிக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். குடலிலும் தோலிலும் நல்ல பாக்டீரியாக்கள் நிறைய இருக்கின்றன. பூஞ்சையும் கொஞ்சம் அங்கேயேதான் இருக்கும், ஆனால் இவை அதைத் தலையெடுக்க விடாது. ஆன்டிபயாடிக் காதில் இருந்த கிருமியோடு சேர்த்து இந்த நல்ல கூட்டத்தையும் குறைத்துவிடுகிறது. பூஞ்சைக்கு இடம் கிடைத்துவிடும். சிரப் கொடுத்தது தவறு என்று சொல்லவில்லை. காதில் சீழ் வந்த குழந்தைக்கு அது தேவைப்பட்டிருக்கும். அந்தச் சமயத்தில் தண்ணியாகவும் போனதால் தோல் ஏற்கெனவே வெந்து போயிருக்கிறது, அதன்மேல் பூஞ்சை ஏறியிருக்கிறது.

இப்போது அந்தக் கற்பூர எண்ணெய். இதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். டாக்டரைப் பார்க்கும்வரை கூடக் காத்திருக்க வேண்டாம். மார்ச்சளிக்குக் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவுவது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் பழக்கம், உங்கள் மாமியாரும் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் கற்பூரம் தோல் வழியாக உடம்புக்குள் இறங்கக்கூடியது, புண்பட்ட தோலில் இன்னும் வேகமாக இறங்கும். மேலே டயப்பரைப் போட்டு மூடிவிட்டால் கேட்கவே வேண்டாம். உள்ளே அதிகம் போனால் கைக்குழந்தைக்கு வலிப்பு வரலாம். எட்டு மாதக் குழந்தையின் கை எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்: இடுப்பைத் தொடும், அடுத்த நொடி வாய்க்குள் இருக்கும். கற்பூரக் கட்டியையும் அந்த எண்ணெய்ப் பாட்டிலையும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அந்துருண்டை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். குழந்தைக்குத் துணி கட்ட, பீரோவில் மடித்து வைத்த பழைய வேட்டி, நூல் புடவைகளைக் கிழிப்போம். அதில் நாஃப்தலீன் உருண்டை போட்டு வைத்திருந்தால், அந்தத் துணியைத் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயப்போட்டு, வாசனை துளியும் இல்லை என்று பார்த்த பிறகே கட்டவேண்டும். ஜி6பிடி என்ற நொதி (என்சைம்) குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு அந்த வாசனையே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவந்துவிடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று வெளியில் பார்த்துத் தெரியாது. அந்துருண்டையே போடாமல் விட்டால் இன்னும் நல்லது.

அடுத்து, கடையில் கொடுத்த டியூப். "போட்டதும் குறைந்தது, நிறுத்தியதும் வந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஸ்டீராய்டு கலந்த க்ரீமின் குணம். டியூபைக் கையில் எடுத்து, பொடி எழுத்தில் இருக்கும் உட்பொருள் வரியைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. அதோடு ஒரு பூஞ்சை மருந்தும் ஓர் ஆன்டிபயாடிக்கும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே க்ரீம் என்று விற்பார்கள். சிவப்பை அது அமுக்கிவிடும், அதனால் ஆறிவிட்டது போலத் தெரியும். உள்ளே பூஞ்சை அப்படியே இருக்கும், சில சமயம் இன்னும் பரவும். டயப்பருக்கு அடியில் காற்றுப் புகாத இடத்தில் போடும்போது ஸ்டீராய்டு பல மடங்கு உள்ளே இழுக்கப்படும். வாரக்கணக்கில் போட்டுத் தோல் மெலிந்துபோன குழந்தைகள் உண்டு, முகம் உப்பி எடை தாறுமாறாக ஏறிய கைக்குழந்தைகளும் உண்டு. தோல் மருத்துவர்கள் இதைப் பற்றிப் பல வருஷமாக எச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். மிக லேசான ஸ்டீராய்டை இரண்டு மூன்று நாளுக்கு நாங்களும் சில சமயம் எழுதுவோம், ஆனால் அதைப் பார்த்துத்தான் எழுதவேண்டும். நீங்கள் போட்டது சில நாள்தான், அதனால் பயப்பட வேண்டாம். மேற்கொண்டு போடாதீர்கள், அவ்வளவுதான்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம். அதற்கு முன் இந்தப் புண் எப்படி வருகிறது என்று தெரிந்தால், எது உதவும், எது உதவாது என்று நீங்களே முடிவு செய்துவிடலாம்.

நம் தோல் இயல்பாகவே லேசான அமிலத் தன்மை கொண்டது, அதுதான் அதற்குக் காவல். சிறுநீர் மட்டும் கொஞ்ச நேரம் பட்டால் பெரிய தொந்தரவு இல்லை. சிறுநீரும் மலமும் ஒன்றாகச் சேரும்போதுதான் சிக்கல். மலத்தில் உள்ள பாக்டீரியா சிறுநீரில் இருந்து அம்மோனியாவை உண்டாக்குகிறது, அமிலம் குறைந்து அந்த இடம் காரமாகிறது, அதாவது அமிலத்துக்கு நேர்மாறான தன்மைக்கு மாறுகிறது (மிளகாய்க் காரம் இல்லை). அந்தக் காரத்தில் மலத்தில் இருக்கும் செரிமான நொதிகள் வேகம் பிடிக்கின்றன. சாப்பாட்டில் உள்ள புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கும் அதே நொதிகள், ஊறிப்போன தோலையும் அரிக்கத் தொடங்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும்வரை மலத்தில் காரம் குறைவு. இணை உணவு தொடங்கிய பிறகு அது மாறுகிறது. அதனால்தான் ஆறு மாதம்வரை ஒன்றுமே இல்லாமல் இருந்த குழந்தைக்கு எட்டு, ஒன்பது மாதத்தில் இந்தப் புண் வருகிறது.

இதைத் தெரிந்துகொண்டால் சமையல் சோடா ஏன் கூடாது என்று புரியும். அது காரம். ஏற்கெனவே காரமாகிப் போன இடத்தில் இன்னும் காரத்தை ஊற்றுகிறோம். அதோடு, புண்ணான தோல் வழியாகச் சோடா உள்ளே போய்விடும். டயப்பர் புண்ணுக்குச் சோடாவைத் தொடர்ந்து போட்டதால் ஒரு கைக்குழந்தையின் ரத்தத்தில் உப்புகளின் அளவே மாறிப்போனது 1981இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. சோப்பும் இதே காரணத்துக்காகத்தான் வேண்டாம். புண் ஆறும்வரை அந்த இடத்துக்குச் சோப்பும் பயத்தமாவும் போடாதீர்கள். பயத்தமாவு நல்லதுதான், ஆனால் வெந்த தோலில் தேய்த்தால் உரசும்.

கழுவுவதற்கு வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். கையில் ஏந்தி, ஒரு குவளையால் மேலிருந்து ஊற்றிக் கழுவுங்கள். பெண் குழந்தை என்பதால் முன்னாலிருந்து பின்னால்தான் கை போகவேண்டும், மலம் சிறுநீர்த் துவாரத்துப் பக்கம் வரக் கூடாது. காய்ந்து ஒட்டியிருந்தால் தேய்க்காமல், பஞ்சில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு ஊறவிட்டு எடுங்கள். வாசனை போட்ட ஈரத் துடைப்பான் காகிதங்களை இந்த வாரம் தொடவே வேண்டாம். பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுங்கள். தேய்த்துத் துடைத்தால் அந்த ஒரு தடவையிலேயே ஆறிய தோல் உரிந்துவிடும்.

அப்புறம் காற்று. இதுதான் இருப்பதிலேயே பெரிய மருந்து, செலவும் இல்லை. ஒவ்வொரு தடவை கழுவிய பிறகும் பத்துப் பதினைந்து நிமிஷம் டயப்பர் இல்லாமல் விடுங்கள். கீழே ஒரு ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய புடவையை நாலாக மடித்துப் போட்டு, குப்புறத் தவழ விட்டுவிடலாம். எட்டு மாதக் குழந்தை ஓரிடத்தில் இருக்காது, வீடெல்லாம் ஈரம் பண்ணும். இரண்டு மூன்று நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோல் நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு தடுப்புப் பூச்சு. ஸிங்க் ஆக்சைடு உள்ள டயப்பர் க்ரீம் அல்லது வாசனை இல்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி, இரண்டில் எது கைக்குக் கிடைத்தாலும் சரி. ஸிங்க் க்ரீமைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல, கீழே தோல் நிறம் தெரியாத அளவுக்குக் கெட்டியாகப் பூசவேண்டும். பலரும் முகத்துக்குப் பூசுவது போல மெல்லிசாகத் தேய்த்துவிடுகிறார்கள், அதில் பயன் இல்லை. அடுத்த தடவை மாற்றும்போது பழைய க்ரீமைச் சுரண்டி எடுக்காதீர்கள். மலம் பட்ட மேல்பூச்சை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு, அதன்மேலேயே இன்னொரு பூச்சு போடுங்கள். டாக்டர் பூஞ்சைக்கு க்ளோட்ரிமசோல் மாதிரி ஏதாவது எழுதினால், அதை முதலில் மெல்லிசாகத் தடவி, கொஞ்சம் விட்டு அதன்மேல் ஸிங்க் க்ரீமைப் பூசவேண்டும். இரண்டு மூன்று நாளில் சிவப்பு வடிந்துவிடும். அத்தோடு நிறுத்தாமல் டாக்டர் சொன்ன நாள்வரை போடுங்கள்.

உங்கள் மாமியாரின் தேங்காய் எண்ணெய் நல்ல எண்ணெய்தான். எதுவும் கலக்காத, புதிதாகத் திறந்த எண்ணெயாக இருந்தால், லேசான சிவப்புக்கு அது நல்ல தடுப்பு. பாப்பாவுக்கு இது சரியான பிறகு, ராத்திரி டயப்பர் போடுவதற்கு முன் தினமும் தடவலாம். தாய்ப்பாலைத் தடவும் பழக்கமும் உண்டு. லேசான புண்ணில் அது வேலை செய்வதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டு சொட்டுத் தடவிக் காயவிட்டால் கெடுதல் இல்லை. கற்றாழை என்றால், மடலை வெட்டி நிறுத்திவைத்து அந்த மஞ்சள் பாலை முழுக்க வடியவிட வேண்டும். அந்தப் பால் நல்ல தோலையே எரிக்கும். உங்கள் பாப்பாவுக்கு இருக்கும் நிலையில் கற்றாழையை நான் சொல்லமாட்டேன்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த விழுது புண்ணில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது உரியும். மஞ்சள் கறையில் சிவப்பு எவ்வளவு என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கடை மஞ்சள்தூளில் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயத்தைச் சேர்ப்பதும் நடக்கிறது. வேப்பெண்ணெய் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன், எக்காரணம் கொண்டும் குழந்தைக்கு அதை உள்ளே கொடுக்கவோ வாய்க்கு எட்டும் இடத்தில் தடவவோ வேண்டாம். மலேசியாவில் சில்லறை உபாதைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டிய நம் குடும்பங்களின் குழந்தைகள் வாந்தி, வலிப்பு, ஈரல் பாதிப்பு என்று மோசமான நிலைக்குப் போனது 1980களின் தொடக்கத்திலேயே மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது.

பவுடர் வேண்டவே வேண்டாம். ஈரத்தில் கட்டிதட்டி உரசும், தூவும்போது மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். போரிக் பவுடர் இன்னும் மோசம். கேரம் போர்டுக்குப் போடும் அதே பவுடர்தான். புண்ணில் போட்டு உடம்பில் ஏறிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

உங்கள் மாமியாரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "அத்தை, உங்க பிள்ளைகளுக்கு இந்த மாதிரி வந்துச்சா?" பெரும்பாலும் "இல்லை" என்பார். அவர் துணிதான் கட்டியிருப்பார். துணி நனைந்தால் குழந்தை உடனே அழும், எடுத்து மாற்றிவிடுவார்கள், ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது துணி போகும். டயப்பருக்குள் இருக்கும் ஜெல் சிறுநீரை இழுத்து வைத்துக்கொள்வதால் மேலே காய்ந்தது போல் இருக்கிறது, நாமும் விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த ஜெல் மலத்தை இழுக்காது. அது தோலிலேயே ஒட்டிக் கிடக்கும். அதனால் மலம் போனால் அந்த நிமிஷமே மாற்றவேண்டும். சிறுநீர் மட்டும் என்றாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, இந்த வாரம் இரண்டு மணி நேரம்.

ஒரு டயப்பர் 10, 12 ரூபாய் ஆகும்போது, நிறைந்த பிறகு மாற்றலாம் என்று தோன்றுவது இயல்புதான். அதனால் பகலில் வீட்டில் இருக்கும் நேரம் முழுக்கத் துணி, ராத்திரியும் வெளியே போகும்போதும் டயப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணிகளைச் சோப்பு துளியும் மிஞ்சாமல் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், உப்புத் தண்ணீர் வரும் பகுதி என்றால் இன்னொரு தடவை. டெட்டால் ஊற்றி அலசுவது, வாசனைத் திரவம் சேர்ப்பது எதுவும் வேண்டாம். நல்ல வெயிலில் காயட்டும். பூஞ்சை இருக்கும் இந்தச் சமயத்தில் கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்தால் நல்லது.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் கவனிப்பதில்லை. அரைஞாண் கயிறு. கறுப்புக் கயிறு நனைந்தால் மணிக்கணக்கில் காயாது. டயப்பருக்கு அடியில் அந்த ஈரக் கயிறு இடுப்பில் கோடு போட்டாற்போல் புண்ணாக்கிவிடும், பூஞ்சையும் அதில் தங்கும். புண் ஆறும்வரை கழற்றி வைக்கலாமா என்று வீட்டில் பெரியவர்களிடம் பக்குவமாகக் கேளுங்கள். முடியாது என்றால் புதுக் கயிறாவது மாற்றி, டயப்பரின் ஓரத்துக்கு மேலே இருக்கும்படி கட்டுங்கள்.

நான் நாளை, மறுநாள் என்று சொன்னேன். ஆனால் காய்ச்சல் வந்தால், கொப்புளமோ சீழோ கட்டினால், தோல் உரிந்து ரத்தம் கசிந்தால், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரே போகாமல் இருந்தால் அன்றைக்கே, ராத்திரி என்றாலும், தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். இன்னமும் தண்ணியாகப் போகிறாள் என்றால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு வயிற்றுப்போக்கின்போது ஸிங்க் சிரப் தினம் 20 மில்லிகிராம் வீதம் 14 நாள் கொடுப்பது வழக்கம், அதையும் டாக்டரிடம் கேளுங்கள். பாப்பாவின் வாயைச் சுற்றியும் கை கால் விரல்களிலும் இதே போல் புண் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் ஸிங்க் சத்துக் குறைவாகவும் இருக்கலாம்.

டாக்டரிடம் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பகல் முழுக்கப் பாப்பாவைப் பார்ப்பது அவர்தான், எத்தனை தடவை போகிறாள், எப்போது அழுகிறாள் என்று அவருக்குத்தான் தெரியும். கற்பூர எண்ணெய் வேண்டாம் என்பதை அவர் டாக்டர் வாயிலிருந்து கேட்டால், வீட்டில் உங்களுக்கும் அவருக்கும் மனஸ்தாபம் வராது. அந்த டியூபையும், மீதி இருந்தால் ஆன்டிபயாடிக் சிரப் பாட்டிலையும் மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.